காலமானவர் பெயரில் கரன்ட்

காக்ஸ் டவுன், பெங்களூர்
14-1-2025

அன்புள்ள தங்கச்சி ஜோவிதாவுக்கு,

அக்கா பெர்னதெத் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே புருஷன் பெண்டாட்டி நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க மண்டியிட்டே இருந்தால் எந்தத் தைலத்துக்கும் கேட்காது, சொல்லிவிட்டேன். ஊரே போனில் பேசிக்கொள்ளும் காலத்தில் நான் மட்டும் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். போனும் இல்லாத, வெளியே வரவும் முடியாத அடைப்பு மடத்தில் போய் உட்கார்ந்த தங்கச்சி வாய்த்தால் அப்படித்தான்.

மாமாவுக்கு இப்போது பகலிலும் ஆக்சிஜன் மெஷின் வேண்டியிருக்கிறது. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இழுத்த தூசு, சுரங்கத்தை மூடி இத்தனை வருஷம் கழித்தும் அவரை விடவில்லை. மெஷின் ஓடினால் பேப்பர் படிப்பார், என் குழம்பைக் குறை சொல்வார். நின்றால் உதடு நீலமாகிவிடும். கரன்ட் போனால் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு சிலிண்டரைத் திறக்க வேண்டும். அதுதான் எங்கள் வாழ்க்கை.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. இன்னும் பீட்டர் என்ற பெயரில்தான் கரன்ட் பில் வருகிறது, நான் தவறாமல் கட்டுகிறேன். இப்போதுதான் மின்சார ஆபீசுக்கு அப்பா இறந்த துக்கச் செய்தி எட்டியிருக்கிறது. பிப்ரவரி முடிவதற்குள் இணைப்பை வாரிசு பெயருக்கு மாற்றாவிட்டால் துண்டித்துவிடுவார்களாம். செத்தவரிடம் இத்தனை நாள் பணம் வாங்கும்போது கூச்சமில்லை!

மாற்ற வேண்டுமானால் இன்னொரு வாரிசான நீ ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். பேப்பரை இதோடு வைத்திருக்கிறேன். போட்டு உடனே அனுப்பு. மாமா உன்னை விசாரித்தார். பொங்கல் குழைந்துவிட்டது என்பதையும் எழுதச் சொன்னார்.

அன்பு அக்கா,
பெர்னதெத்

•

ஏலகிரி அடிவாரம்
29-1-2025

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் சமாதானம் உண்டாவதாக.

நான் நலம். முழங்காலும் ஒருவாறு நலம். மதர் அனுமதி கொடுத்ததும் எழுதுகிறேன், அதனால்தான் இந்தத் தாமதம். நீ கேட்டபடி கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அப்பா வீட்டில் எனக்கென்று எதுவும் வேண்டாம் என்று வார்த்தைப்பாடு கொடுத்த அன்றே எழுதிக் கொடுத்தவள்தானே நான். அந்த வீட்டு வெளிச்சத்தில் எனக்கு என்ன ஆட்சேபணை இருக்கப்போகிறது?

மாமாவுக்காகத் தினமும் நற்கருணை முன்னால் வேண்டிக்கொள்கிறேன். ஆபீஸ்காரர்கள் மேல் கோபப்படாதே அக்கா. அவர்களும் யாருக்கோ பதில் சொல்ல வேண்டியவர்கள்தான். உனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்.

கிறிஸ்துவில் உன் தங்கை,
சகோ. மரிய அமலோற்பவம்

•

காக்ஸ் டவுன்
11-2-2025

அன்புள்ள ஜோவிதாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதுகிற நிலையில் நான் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், நல்லாயிருக்கிறாயா? நல்லாயிரு. இப்போது உன்னைத் திட்டப்போகிறேன்.

பேப்பரில் சகோ. மரிய அமலோற்பவம் என்று போட்டு அனுப்பியிருக்கிறாயே, யாருடி அது? கவுன்டரில் இருந்தவர் வாரிசுச் சான்றிதழைப் பார்க்கிறார், உன் கையெழுத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "பீட்டருக்கு ரெண்டு பொண்ணுன்னு இருக்கு. பெர்னதெத், ஜோவிதா. இந்தம்மா யாரு, மூணாவதா?" என்று கேட்டார். கன்னியர் ஆனதும் பெயர் மாறும் என்று விளக்கினேன். "அப்போ பேர் மாறினதுக்கு கெஜெட் கொண்டாங்க" என்கிறார். கர்த்தர் வைத்த பெயருக்கு கெஜெட்!

நான் விடவில்லை. மாடியில் இருக்கும் இன்ஜினியர் சீனிவாசராகவனைப் போய்ப் பார்த்தேன். தமிழ்க்காரர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், எல்லாவற்றையும் கேட்டார். வீட்டில் இப்படி ஒரு நோயாளி இருக்கிறார், டாக்டர் சான்றிதழ் இதோ, பேர் மாறுகிற வரைக்கும் இந்த வீட்டை வெட்டாதீர்கள் என்று ஒரு குறிப்புப் போட்டு வையுங்கள் என்றேன். "எனக்குப் புரியறது மேடம். ஆனா சிஸ்டத்துல அதைப் போட அப்படி ஒரு காலம், ஒரு கட்டமே இல்லையே. ஆஸ்பத்திரின்னா தனி கேட்டகிரி இருக்கு. இது வீடுன்னா" என்றார்.

ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் நோயாளி. வீட்டுக்கு அனுப்பிவிட்டால் நுரையீரல் வளர்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. எங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபத்துக்கு சீரியல் விளக்குப் போட ஒரே நாளில் தற்காலிக இணைப்பு கொடுக்கிறார்கள். அதற்குக் காலம் இருக்கிறது!

புதுப் பேப்பர் வைத்திருக்கிறேன். ஜோவிதா, தகப்பனார் பெயர் பீட்டர், அவ்வளவுதான். உன் பரிசுத்தத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

கோபமும் அன்பும் சரிபாதியாக,
பெர்னதெத்

•

ஏலகிரி அடிவாரம்
25-2-2025

அன்புள்ள அக்கா,

உங்கள் இருவருக்கும் இறைவன் துணை. நான் செய்தது இத்தனை சிக்கலாகும் என்று தெரியவில்லை, மன்னித்துவிடு. இங்கே வந்ததிலிருந்து ஜோவிதா என்று எதிலும் நான் எழுதியதில்லை. விட்டுவிட்ட பெயரில் சொத்து சம்பந்தமான பேப்பரில் கையெழுத்துப் போடலாமா என்று மதர் ஆன்மகுருவிடம் கேட்டிருக்கிறார். அவர் பதில் வர வேண்டும்.

இன்னொன்று. மார்ச் ஐந்தாம் தேதி விபூதிப் புதன். தவக்காலம் முழுவதும் எங்களுக்குக் கடிதம் கிடையாது. வருவதெல்லாம் மதருடைய அலமாரிக்குப் போய், பாஸ்காவுக்கு, அதான் ஈஸ்டருக்குப் பிறகுதான் கையில் வரும். சாவுச் செய்தி மட்டும் விதிவிலக்கு. அதனால் என்னிடமிருந்து பதில் வரவில்லையே என்று நினைக்காதே. பொறுமையாயிரு. ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

சகோ. மரிய அமலோற்பவம்

•

காக்ஸ் டவுன்
10-3-2025

ஜோவிதாவுக்கு,

இது அலமாரிக்குத்தான் போகும் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை கரன்டை வெட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டு மாடியில் குடியிருக்கும் ஸ்ரீலக்ஷ்மி ஜன்னல் வழியாக ஒரு ஒயர் போட்டுக் கொடுத்திருக்கிறாள். திருச்சிப் பெண், சாஃப்ட்வேர் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறாள். அந்த ஒயரில் மெஷின் ஓடுகிறது. மற்றபடி மெழுகுவர்த்திதான். மாமா நலம். உன்னை விசாரித்தார்.

பெர்னதெத்

•

காக்ஸ் டவுன்
20-3-2025

ஜோவிதா,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாதே. மாமா சாகவில்லை.

கவரின் மூலையில் கறுப்பு மை தடவினது நான்தான். சாவுக் கடிதம் என்றால்தான் உங்கள் மதர் அலமாரியில் பூட்டாமல் உன் கையில் கொடுப்பார்கள். வேறு வழி இருந்தால் சொல், இனிமேல் அதைச் செய்கிறேன். பாவம் என்றால் பாவம், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். பத்தாம் தேதி எழுதியதில் மாமா நலம் என்று போட்டிருந்தேன். அது பொய். அன்றைக்கு உண்மையை எழுத எனக்குக் கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அவர்கள் கரன்டை வெட்டிய வெள்ளிக்கிழமை நான் சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போயிருந்தேன். லைன்மேன் கேட்டுக்கு வெளியே இருக்கிற மீட்டர் பெட்டியைத் திறந்தான், ஃபியூஸைப் பிடுங்கினான், போய்விட்டான். கதவைக்கூடத் தட்டவில்லை. உள்ளே மாமாவுக்கு எப்படித் தெரியும்? பெங்களூரில் கரன்ட் போவது புதுசா? எப்போதும்போல வந்துவிடும் என்று பேட்டரியை நம்பிப் படுத்திருக்கிறார். பேட்டரி தீர்ந்து மெஷின் கத்த ஆரம்பித்ததும் எழுந்து சிலிண்டரைத் திறக்கப் போயிருக்கிறார். திருகுகிற பலம் கையில் இல்லை. அப்படியே கீழே விழுந்திருக்கிறார்.

பக்கத்து வீட்டு ஸ்ரீலக்ஷ்மி மட்டும் அந்தச் சத்தத்தைக் கேட்காமல் இருந்திருந்தால்? அவள் வீட்டில் ஃபேன் ஓடுகிறது, நம் வீட்டில் மெஷின் கத்துகிறது, இது என்ன என்று யோசித்துச் சுவரேறிக் குதித்து வந்திருக்கிறாள். நான் திரும்பும்போது வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. மாமாவின் முகத்தை நான் எழுதமாட்டேன். ஒரு வாரம் ஐ.சி.யு.வில் கிடந்தார், பிறகு வார்டில். நேற்று முன்தினம்தான் வீட்டுக்கு வந்தார். பேசினால் இரண்டு வார்த்தைக்கு மேல் மூச்சு வரவில்லை.

லைன்மேன் பேர் கோவிந்தப்பா. போய்ப் பிடித்தேன். "நான் ஏன்ம்மா மாடலி, என்ன பண்ணட்டும்? லிஸ்ட் குடுத்தாங்க, வெட்டிட்டு வந்தேன். உள்ள ஆள் இருக்காங்களா, சீக்கு இருக்குதான்னு லிஸ்ட்ல போடலையே" என்று அழாத குறையாகச் சொன்னான். அவனை என்ன செய்ய? மேலே போய்ச் சீனிவாசராகவனைக் கேட்டேன். "ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். ஒருவேளை ஏதாவது ஆயிருந்தா, டெத் சர்டிபிகேட் வெச்சு டிரான்ஸ்பர் சுலபமா பண்ணியிருக்கலாம்" என்றார். வாய் தவறித்தான் சொன்னார், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டார். அங்கே செத்தவர்களுக்கு வழி இருக்கிறது. மூச்சு வாங்குகிறவர்களுக்குத்தான் இல்லை.

உன் மதர், உன் ஆன்மகுரு, உன் தவக்காலம் எல்லாருக்கும் என் நமஸ்காரம். நீ விட்டுவிட்ட அந்தப் பெயர் இல்லாமல் மாமாவுக்கு மூச்சு இல்லை. இதற்கு மேல் கெஞ்சத் தெரியாது எனக்கு.

உன் அக்கா

•

ஏலகிரி அடிவாரம்
25-3-2025

அக்கா,

உன் கடிதத்தின் மூலையைப் பார்த்ததும் மதர் மணியடிக்கச் சொன்னார். எல்லாரும் கூடினோம். கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே மாமாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபம் சொல்லி முடித்துவிட்டோம். நான் அழுது முடித்தபிறகு மதர் பிரித்து, முதல் வரியை எல்லார் முன்பும் வாசித்தார். வயதான சகோதரி ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. உயிரோடிருக்கும் மனிதருக்கு என்னை அழ வைத்தாயே, உனக்கு மனசு எப்படி வந்தது என்று உன் மேல் கோபம் கோபமாக வந்தது.

மிச்சத்தை மதர் தொடர்ந்து வாசித்தார். மாமா கீழே விழுந்த இடத்தில் நிறுத்திவிட்டார். பிறகு கடிதத்தை என்னிடம் கொடுத்து, "போய் உன் பழைய பெயரில் கையெழுத்துப் போடு. ஆன்மகுருவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்" என்றார்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜோவிதா. வெகு நாள் எழுதாத பெயர், கோணலாக வந்திருக்கிறது. அக்கா, உனக்குப் பொறுமை சொன்னேன் அல்லவா? அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அன்று முதல் செபத்தில் மனம் நிற்கவில்லை. உன் மேல் வந்த கோபம் போய்விட்டது. வேறொரு கோபம் வந்து உட்கார்ந்திருக்கிறது, அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மாமாவை என் அன்போடு விசாரித்ததாகச் சொல்.

ஜோவிதா

•

காக்ஸ் டவுன்
5-4-2025

என் தங்கச்சி ஜோவிதாவுக்கு,

உன்னை அழவைத்ததற்கு மன்னித்துக்கொள். மாமாவிடம் நீங்கள் செபம் சொன்னதைச் சொன்னேன். "நல்லது... ஸ்டாக்ல இருக்கட்டும்" என்றார். கொஞ்சம் தேறியிருக்கிறார் என்று புரிந்துகொள். இந்தக் கடிதத்தில் கறுப்பு இல்லை. மதர் கொடுத்தால் படி, இல்லாவிட்டால் பாஸ்காவுக்குப் படி.

உன் பேப்பரைக் கொண்டுபோனேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "முதல்ல அமலோற்பவம், இப்ப ஜோவிதா. ஒரே ஆளுன்னு எப்படி நம்பறது? அவங்க நேர்ல வந்து ஆபீசர் முன்னாடி கையெழுத்துப் போடணும்" என்றார்கள். நான் அங்கே கத்தவில்லை. ஆச்சரியமாக இருக்கிறது அல்லவா? எனக்கும்தான்.

வீட்டுக்கு வந்தால் ஸ்ரீலக்ஷ்மி குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் நிற்கிறார். ஒரு வீட்டு மீட்டரிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஒயர் இழுப்பது குற்றம், கழற்றாவிட்டால் அந்த இணைப்பையும் வெட்டுவோம் என்று ஆபீசிலிருந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். "அவங்க வெட்டட்டும் ஆன்ட்டி, நான் கழட்ட மாட்டேன்" என்கிறாள் அந்தப் பெண். அவளை நான் தெருவில் நிறுத்துவதா?

மறுநாள் காலையில் ஒயரைக் கழற்றினேன். ஒரு ஆட்டோ பிடித்தேன். மாமாவைச் சின்ன சிலிண்டரோடு உட்காரவைத்தேன், மெஷினை மடியில் வைத்துக்கொண்டேன். நேராக மின்சார ஆபீஸ். கவுன்டர் எதிரே பொதுமக்களுக்கென்று ஒரு பெஞ்சு, அதன் பின்னால் சுவரில் இரண்டு பிளக் பாயிண்ட். ஒன்றில் யாருடைய போனோ சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் தண்ணீர் மெஷின். தண்ணீர் மெஷினைப் பிடுங்கிவிட்டு மாமாவின் மெஷினைச் சொருகினேன்.

அந்தச் சத்தம் உனக்குத் தெரியாது. மாவு மில் மாதிரி கடகடவென்று ஓடும். ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கவுன்டர்காரர் ஓடிவந்தார். "மேடம், என்ன இது? இது ஆபீஸ் கரன்ட், பப்ளிக் யூஸ் பண்ணக்கூடாது!"

"அப்போ பிடுங்குங்க" என்றேன்.

"மேடம்..."

"பிடுங்குங்க சார். வீட்டு வாசல்ல பிடுங்கினா உள்ள யாருன்னு தெரியாது. இங்க தெரியுதில்ல? இதோ உட்கார்ந்திருக்கார், பேர் தாஸ். கோவிந்தப்பாவைக் கூப்பிடாதீங்க. உங்க கையாலயே பிடுங்குங்க."

அவர் பிளக்கைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். கை நீளவில்லை. சீனிவாசராகவன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். பில் கட்ட வந்த ஜனம் எல்லாம் எழுந்து நின்றுவிட்டது. ஒரு அம்மா கன்னடத்தில் அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள், எனக்கே பாவமாகிவிட்டது. "மேடம், சீன் கிரியேட் பண்ணாதீங்க, உள்ள வந்து பேசலாம்" என்றார். "உள்ளே பிளக் பாயிண்ட் இருக்கா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் மாமா அசைந்தார். மெதுவாகக் கையைத் தூக்கினார். எல்லாரும் என்னமோ ஏதோ என்று குனிந்தார்கள். "சார்... அந்த ஃபேனை... கொஞ்சம் குறைங்க... குளிருது" என்றார்.

ஆபீசை மூடும் நேரம் வந்தும் நாங்கள் நகரவில்லை. அதற்குள் வீட்டில் கரன்ட் வந்துவிட்டதென்று ஸ்ரீலக்ஷ்மி போன் செய்தாள். கோவிந்தப்பாதான் ஃபியூஸைப் போட்டானாம், போட்டுவிட்டு மீட்டர் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டானாம். மே மாதம் வரை வெட்டமாட்டோம், அதற்குள் நீ நேரில் வர வேண்டும் என்று சீனிவாசராகவன் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

உன்னால் வர முடியாது என்று எனக்குத் தெரியும். கம்பிக்குப் பின்னால் இருப்பவளை எப்படிக் கூப்பிடுவேன்? வேறு வழி பார்க்கிறேன்.

அக்கா பெர்னதெத்

•

ஏலகிரி அடிவாரம்
23-4-2025

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள்.

வருகிறேன். மதர் ஆயருக்கு எழுதி அனுமதி வாங்கிவிட்டார். மே ஆறாம் தேதி காலை ரயிலில் ஒரு சகோதரி துணையோடு வருகிறேன். இந்த வாசலைத் தாண்டுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. அம்மா சாவுக்கும் வரவில்லை, அப்பா சாவுக்கும் வரவில்லை. மாமா மூச்சுக்கு வருகிறேன்.

ஒரு வேண்டுகோள். ஆபீசில் நீ பேசாதே, நான் பேசிக்கொள்கிறேன். என்ன பேசுவதென்று எழுதி வைத்திருக்கிறேன். அதை மதருக்குக் காட்டவில்லை.

ஜோவிதா

•

காக்ஸ் டவுன்
16-6-2025

அன்புள்ள ஜோவிதாவுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததற்கு ஆண்டவருக்கு நன்றி. மாமா சுமாராக இருக்கிறார். மழை ஆரம்பித்துவிட்டதால் இருமித் தீர்க்கிறார், ஆனால் மெஷின் நிற்காமல் ஓடுகிறது. நீ அந்த ஆபீசில் பேசியதை இன்னும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். "நானாத்தான் உள்ள போய் அடைஞ்சுகிட்டேன் சார், அது என் இஷ்டம். இவர் மூச்சை அடைக்கிறது யார் இஷ்டம்?" என்று நீ கேட்டபோது சீனிவாசராகவன் எழுந்து நின்றாரே, அதை நடித்தே காட்டுகிறார். பாதியில் மூச்சு வாங்கும், நிறுத்திவிட்டுத் திரும்ப ஆரம்பிப்பார். வாயாடி நான்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பெயர் மாறிவிட்டது. இப்போது பில் என் பெயரில் வருகிறது. சிஸ்டத்தில் இல்லாத அந்தக் கட்டத்தையும் எங்கிருந்தோ கண்டுபிடித்து, வீட்டில் நோயாளி, துண்டிக்கக் கூடாது என்று போட்டுவிட்டார்கள். நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கவுன்டர்காரர், "இது ஒரு வருஷத்துக்குத்தான் மேடம். அடுத்த வருஷம் இன்னும் குணமாகலைன்னு சர்டிபிகேட் கொண்டு வந்து புதுப்பிக்கணும்" என்றார். நுரையீரலில் இறங்கின கல்தூசு வருஷா வருஷம் உருகி ஓடுமா? நன்றியை அப்படியே விழுங்கிவிட்டேன்.

நம் வீட்டுக்கு மட்டும் போட்டிருக்கிறார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை. போன வாரம் மூன்று தெரு தள்ளி, என்னிடம் பள்ளியில் படித்த எலிசபெத் வீட்டில் வெட்டியிருக்கிறார்கள். அவள் மகனுக்கு வீட்டிலேயே டயாலிசிஸ் மெஷின். அவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள், வீட்டுக்காரர் துபாயில், கையெழுத்துப் போட ஆள் இல்லை. "ஆண்டவர் பார்த்துக்குவார் டீச்சர்" என்று அழுதாள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், நாமும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி என்று கேட்டு அவளைக் கையோடு கூட்டிப்போனேன். சாயங்காலத்துக்குள் ஃபியூஸ் வந்தது. இப்போது காக்ஸ் டவுனிலும் அக்கம்பக்கத்திலும் மெஷின் வைத்திருக்கிற வீடு எதுவென்று ஸ்ரீலக்ஷ்மியும் நானும் கதவு கதவாகத் தட்டிக் கேட்டு வருகிறோம். நினைத்ததைவிட அதிகம், ஜோவிதா. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு உள்ளே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்றைக்குச் சீனிவாசராகவனிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தேன். பெஞ்சுக்குப் பின்னால் இரண்டே பிளக் பாயிண்ட்தான் இருக்கிறது, நாங்கள் எல்லாரும் வந்தால் போதாது, இன்னும் பத்து வைத்துக் கொடுங்கள் என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். "இது... எந்தக் கேட்டகிரியில வரும் மேடம்?" என்று கேட்டார்.

"அவசரம்னு போட்டுக்கோங்க" என்றேன்.

அன்பு அக்கா,
பெர்னதெத்